இங்க மூணு குடும்பமும் சௌக்கியம்

செப்டம்பர் 21

டேய் வில்யுஸ் அண்ணா,

இங்க நான், அம்மா, உன்னோட மூணு தேனீக் குடும்பம், எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்க? அங்க சாப்பாடு ஒழுங்கா போடறாங்களா? தூக்கம் வருதா?

கடுதாசி எழுதறது எனக்கு இதான் முதல் தடவை! அனுப்பினதும் ரெண்டு டிக் வராதாமே, நீ படிச்சியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆறு மாசத்துக்கு போன் கிடையாதுன்னா என்னடா அர்த்தம், அது குடிய நிறுத்தற இல்லமா இல்ல மியூசியமா? சரி சரி, திட்டாத. நீ போனது நல்லதுதான். அங்க ஒரு வருஷம் இருக்கணும்னாலும், முதல் ஆறு மாசம்தான் கஷ்டம்னு சொன்னாங்கல்ல. அந்த ஆறு மாசத்த நீ ஓடி வராம இருந்து காட்டு. உன் தேனீய வசந்தம் வரைக்கும் நான் உயிரோட வெச்சுக் காட்டறேன். டீல்? டீல்.

நான் இப்ப முழுநேரத் தேனீக்காரி, தெரியுமா! கனடால ஒரு தாடிக்காரர் சேனல் வெச்சிருக்காரு. அவர் போட்ட வீடியோ அத்தனையும் பாத்து முடிச்சுட்டேன், சிலத ரெண்டு தடவ. அவர் ஊர்ல மைனஸ் நாப்பது! நம்ம மைனஸ் இருபதெல்லாம் அவருக்கு ஐஸ்கிரீம் சாப்பிடற வெயில். 'லிதுவேனியால இருந்து வணக்கம்'னு கமெண்ட் போட்டேன், ஹார்ட் குடுத்தாரு!!! ஓடிப்போய் அம்மாகிட்ட காட்டினா, "அந்த ஹார்ட்ட அடுப்புல வெச்சு பாகு காய்ச்சு, தேனீக்குப் பசிக்குது"ங்கறாங்க.

உன் வலைத்தொப்பிய எலி தின்னுடுச்சு. அதனால சமையக்கட்டு ஜன்னலோட லேஸ் திரைய கழட்டி தலைல போட்டுக்கிட்டேன். பக்கத்து வீட்டு கோஸ்தாஸ் மாமா, அவர் ஓட்டற பஸ்ஸ மெதுவாக்கி, ஜன்னல் வழியா தலைய நீட்டி, "யாருக்குடி கல்யாணம்?"னு கேட்டாரு. பஸ்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நான் தாடிக்காரர் பத்தி சொன்னதும், "அப்ப தேனீக்கு வைஃபை பாஸ்வேர்ட் குடுத்துட்டியா?"ங்கறாரு. உன் தேனீக்கூட்டம் பறந்து போய் அவர் வீட்டு ஆப்பிள் மரத்துல உக்காந்ததுல இருந்து அவர் நம்மளுக்கு தேனீப் பங்காளி ஆயிட்டாரு, சரி. அதுக்காக தினமும் நக்கல் அடிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

மஞ்சப் பெட்டி பலமா இருக்கு. மாமா மரத்துல உக்காந்த கூட்டத்த வெச்ச, பெயிண்ட் அடிக்காத பங்காளிப் பெட்டி பரவால்ல. நீலப் பெட்டிதான் கொஞ்சம் ஒல்லி. நேத்து ஒரு தேனீ என் காலுக்கடில மாட்டி செத்துப்போச்சுடா. ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

உன் தங்கச்சி,
மிக்லே

(கீழ அம்மா ஏதோ எழுதணுமாம். எடம் விட்டிருக்கேன்.)

வில்யுக், சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்கோ. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. — அம்மா


அக்டோபர் 6

மிக்லே,

கடுதாசி வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். நீயும் அம்மாவும் நல்லா இருப்பீங்கன்னு நினைக்கறேன். அம்மா கால் வீக்கம் எப்படி இருக்கு?

இங்க காலைல மாடு. அப்புறம் விறகு. அப்புறம் எல்லாரும் வட்டமா உக்காந்து பேசணும். என் முறை வந்தா "ஒண்ணும் தோணல"ன்னு சொல்றேன். பொறுப்பாளர் தாங்குவோலே, அவங்கதான் இங்க எல்லாம், "சரி, நாளைக்குப் பாப்போம்"ங்கறாங்க. பொய் சொல்லல நான். பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போடுவாங்கல்ல, தாடை மரத்துப் போகுமே, அது உடம்பு பூரா போட்ட மாதிரி இருக்கு. வலி இல்ல. ருசியும் இல்ல.

முக்கியமான ஒண்ணு. தேனீய 'செத்துப்போச்சு'ன்னு எழுதாத. இன்டர்நெட்ல என்ன சொல்வாங்களோ எனக்குத் தெரியாது. நம்ம பாஷைல ஆட்டுக்கு, மாட்டுக்கு, நாய்க்கு ஒரு வார்த்தை. மனுஷனுக்கும் தேனீக்கும் மட்டும் வேற வார்த்தை. 'தவறிட்டாங்க'ன்னு சொல்லணும். அம்மா காதுல விழாம பாத்துக்கோ. எட்டு வயசுல நான் அப்படிச் சொன்னதுக்கு சூப் கரண்டியால முட்டில வாங்கினேன். கரண்டி வளைஞ்சுது. இன்னும் அந்த வளைஞ்ச கரண்டிலதான் நமக்கு பீட்ரூட் சூப் ஊத்தறாங்க, கவனிச்சிருக்கியா?

பாகு குடுக்கறத இப்பவே நிறுத்திடு. இதுக்கு மேல குடுத்தா அவங்களால அத மெழுகு வெச்சு மூட முடியாது, புளிச்சுப் போகும். வாசல்ல எலி நுழையாம வரிசையா ஆணி அடி, தேனீ போற அளவுக்கு மட்டும் இடம் விட்டு. அப்புறம் தொறக்காத. எவ்வளவு ஆசையா இருந்தாலும் தொறக்காத. காத வெச்சுக் கேளு, போதும்.

சாக்ஸ் ஒரு ஜோடிதான் இருக்கு.

வில்யுஸ்


நவம்பர் 3

டேய் அண்ணா,

இங்க நான், அம்மா, மூணு குடும்பம், எல்லாரும் சௌக்கியம். உனக்கு இருமல் எதுவும் இல்லையே?

தவறிட்டாங்க, தவறிட்டாங்க, தவறிட்டாங்க. போதுமா? அந்தக் கரண்டி கதைய அம்மாகிட்ட கேட்டேன். "ஆமா, அடிச்சேன். இன்னொன்னும் அடிச்சிருக்கணும்"னாங்க. அந்தக் கரண்டிய எனக்கும் காட்டினாங்க, எச்சரிக்கையா.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனோம். அம்மா பாதி தூரத்துலயே மூச்சு வாங்கி, யாரோ முன்ன பின்ன தெரியாதவரோட கல்லறை மேல உக்காந்துட்டாங்க. "மன்னிச்சுக்கோங்க, ஒரு நிமிஷம்தான்"னு அவர்கிட்டயே பேசறாங்க! அப்புறம், அங்க உக்காந்தாச்சேன்னு நம்ம மெழுகுவத்தில ஒண்ண அவருக்கும் ஏத்தினாங்க. டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுத்திருக்காரு. கவலைப்படாத.

இப்ப முக்கியமான நியூஸ்! குளிர்காலத்துக்கு எல்லா ஏற்பாடும் முடிச்சுட்டேன். தாடிக்காரர் சொன்ன மாதிரியே. மூணு பெட்டிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் சுத்தி, டேப் போட்டு, மேல கயிறு. கட்டடம் கட்டற கடைல வாங்கினேன். பாக்க செம்மையா இருக்கு! போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், நாப்பத்தி சொச்சம் லைக். ஒரு ஃபின்லாந்துக்காரர் மட்டும் சோகமா ஒரு முகம் போட்டாரு, ஏன்னு தெரியல. பொறாமையா இருக்கும்.

கோஸ்தாஸ் மாமா பெட்டிய சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "பார்சல் எந்த ஊருக்கு?"ன்னாரு. போடா... சாரி, போங்க மாமா.

மிக்லே

வில்யுக், இன்னொரு ஜோடி அனுப்பியிருக்கேன். ஆட்டு ரோமம். குத்தும், பொறுத்துக்கோ. — அம்மா


நவம்பர் 22

மிக்லே,

சாக்ஸ் வந்துச்சு. குத்துது. அம்மாவுக்கு சொல்லிடு.

இதப் படிச்சதும் கீழ வெச்சுட்டு போய் பிளாஸ்டிக்க எடு.

கோவமா எழுதல, எனக்கு இப்ப கோவமும் வர்றதில்ல. ஆனா கேளு. குளிரால அவங்க தவற மாட்டாங்க. பந்து மாதிரி ஒண்ணா சேந்து, றெக்கைய ஆட்டாம வெறும் தோள நடுக்கி நடுக்கியே சூடு உண்டாக்கிப்பாங்க. வெளிய மைனஸ் முப்பது இருந்தாலும் அந்தப் பந்துக்குள்ள கதகதப்பா இருக்கும். ஆனா அவங்களும் மூச்சு விடறாங்க. அந்த ஆவி மேல போகும். மேல போக வழியில்லன்னா மூடில பட்டு, தண்ணியாகி, அவங்க மேலயே சொட்டும். நனைஞ்ச தேனீ பொழைக்காது. தன் மூச்சே தன் மேல மழையா பெய்யும்.

உன் தாடிக்காரர் ஊர்ல காத்து காய்ஞ்ச காத்து. நம்ம ஊர் ஏரியும் சதுப்புமா இருக்கு, துணி காய ரெண்டு நாள் ஆகும். அந்த ஃபின்லாந்துக்காரருக்கு அது தெரிஞ்சிருக்கு.

பிளாஸ்டிக்க எடுத்துட்டு, மூடிக்கடில காய்ஞ்ச பாசி அடைச்ச சாக்கு வை. மேல விரல் நுழையற அளவுக்கு ஒரு திறப்பு. பாவமா இருக்கும் உனக்கு. இருந்தாலும் அத மூடாத.

அம்மாவுக்கு மூச்சு வாங்கறதுன்னா மாடில இருந்து கட்டில கீழ எறக்கு. கோஸ்தாஸ் மாமா தூக்குவாரு.

வில்யுஸ்


டிசம்பர் 28

அண்ணா,

கிறிஸ்மஸ் வாழ்த்து! இங்க நான், அம்மா, மூணு குடும்பம், எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்க? அங்க கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி பன்னெண்டு பதார்த்தமும் வெச்சாங்களா?

உன் கடுதாசி வர்றதுக்குள்ள பனி கொட்டிடுச்சு. மஞ்சப் பெட்டிலயும் பங்காளிப் பெட்டிலயும் பிளாஸ்டிக்க கிழிச்சுட்டேன். பாசி மூட்டை வெச்சேன். நீலத்த மட்டும் விட்டுவெச்சேன்டா. அது ஒல்லி, வெளிய மைனஸ் பதினெட்டு, எனக்கு மனசு வரல. கொஞ்சம் குளிர் குறையட்டும், எடுத்துடறேன். சத்தியமா.

அம்மாவோட கட்டில் இப்ப கீழ, ஜன்னல் பக்கம். அங்க இருந்து பாத்தா மூணு பெட்டியும் தெரியும். மஞ்சக்குருவிங்க வந்து பெட்டி வாசல்ல தட்டுதுங்க, தேனீ எட்டிப் பாத்தா லபக்குன்னு பிடிக்க. அம்மா படுத்துக்கிட்டே ஜன்னல் கண்ணாடிய தட்டி விரட்டறாங்க. பகல் பூரா குருவி அங்க தட்டுது, அம்மா இங்க தட்டறாங்க.

பண்டிகை ராத்திரி சாப்பாட்டுல அம்மா உனக்கு ஒரு தட்டு வெச்சாங்க. கோஸ்தாஸ் மாமா வந்திருந்தாரு, அவருக்கும் யாரும் இல்லல்ல. அவர் தட்டப் பாத்துட்டு, "என்னக்கா, உயிரோட இருக்கறவனுக்கு தட்டு வெக்கறீங்க? அது அந்த வருஷம் தவறினவங்களுக்குல்ல?"ன்னாரு. அம்மா, "வர முடியாதவங்க எல்லாருக்கும் ஒரே தட்டுதான். நீ ஹெர்ரிங் மீன சாப்பிடு"ன்னாங்க. அவர் ரெண்டு தடவ போட்டுச் சாப்பிட்டாரு.

பெட்டில காத வெச்சேன். மஞ்சள் 'ம்ம்'ங்குது. பங்காளியும் 'ம்ம்'. நீலம் ரொம்ப மெதுவா இருந்துச்சு. தூங்கறாங்க போல.

மிக்லே

வில்யுக், வசந்தம் வரட்டும். — அம்மா

(கை நடுங்குது அம்மாவுக்கு, அதான் எழுத்து கோணல்.)


ஜனவரி 15

அன்புள்ள மிக்லே அவர்களுக்கு,

வணக்கம். உங்க அண்ணன் வில்யுஸ் உடம்பளவுல நல்லா இருக்காரு. மாட்டுக் கொட்டாய இப்ப அவர்தான் பாத்துக்கறாரு.

உங்க அம்மா தூக்கத்துலயே தவறிட்டாங்கன்னு நீங்க போன்ல சொன்னதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. அடக்கமும் நீங்க தனியாவே முடிச்சுட்டீங்க. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் கூட இருந்தாருன்னு சொன்னீங்க, அது கொஞ்சம் ஆறுதல்.

அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டீங்க. நான் ரெண்டு பக்கமும் யோசிச்சேன். அடக்கத்துக்கு ஒரு ஆள கூட அனுப்பி அவர கூட்டிட்டு வந்திருக்கலாம். ஆனா முன்னாடி அப்படி வீட்டுக்குப் போன சிலர் திரும்பி வரல, வந்தவங்க குடிச்சுட்டு வந்தாங்க. முதல் ஆறு மாசத்துல தானா வெளிய போயிட்டா இங்க மறுபடி இடம் கிடையாதுங்கறது விதி, நான் போட்டது இல்ல. மார்ச் ஆரம்பத்துலதான் அவருக்கு ஆறு மாசம் முடியுது. உங்க பயம் எனக்குப் புரியுது.

அதனால முடிவு உங்களோடது. நானா போய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. அவர் என் முகத்தப் பாத்து நேரா கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன். இங்க எங்களுக்கு இருக்கற ஒரே மருந்து அதுதான்.

நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க. உங்களுக்கும் யாராவது இருக்கணும்.

தாங்குவோலே


ஜனவரி 25

அண்ணா,

இங்க எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்க.

மைனஸ் பத்தொம்பது. நீலப் பெட்டிய தட்டினேன். சத்தம் இல்ல. மறுபடி தட்டினேன். டேப்ப அறுத்து, பிளாஸ்டிக்க எடுத்து, மூடியத் தொறந்தேன். தொறக்கக்கூடாதுன்னு தெரியும். உள்ள மழை பேஞ்ச மாதிரி இருந்துச்சு. மூடிக்கடில பூரா தண்ணி முத்து முத்தா உறைஞ்சிருந்துச்சு. தேனடைல பூஞ்சை. தேன் இருக்கு, ஒரு விரல் தூரத்துல. அவங்க போகல. ஒருத்தர் மேல ஒருத்தர் ஒட்டிக்கிட்டு அப்படியே இருந்தாங்க. கைல அள்ளினா ஈர டீத்தூள் மாதிரி இருந்துச்சு.

நீலக் குடும்பம் தவறிட்டாங்க. வார்த்தைய சரியா எழுதியிருக்கேன், பாரு.

நீ சொன்ன மாதிரி பாவம் பாக்காம அன்னிக்கே எடுத்திருக்கணும். எனக்கு அழுகை வரும்னு நினைச்சேன். ஒண்ணும் தோணல. நீ எழுதியிருந்தல்ல, ஊசி போட்ட மாதிரின்னு, அதான். உள்ள வந்து பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிட்டேன்.

கோஸ்தாஸ் மாமா தினமும் சாயங்காலம் பஸ்ஸ விட்டுட்டு சூப் கொண்டு வர்றாரு. நக்கல் எதுவும் அடிக்கறதில்ல. டேபிள்ல வெச்சுட்டு, சாப்பிடற வரைக்கும் நின்னுட்டு, போயிடறாரு.

தாடிக்காரர் புது வீடியோ போட்டிருக்காரு. பாக்கல.

மிக்லே

வில்யுக், ஒரு பெட்டி தேனீ செத்துப்போச்சுன்னு மனச விட்டுடாத. ஆறு மாசம் முடியட்டும். சாக்ஸ் போட்டுக்கோ. — அம்மா


பிப்ரவரி 20

மிக்லே,

நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிடறியா?

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. உடனே எழுத முடியல.

ஒரு நாள் மத்தியானம் கோட்ட மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும் போனேன். இங்க கேட்ட பூட்டமாட்டாங்க. போறவன் போகலாம். பனி முழங்கால் வரைக்கும் இருந்துச்சு. ரோட்டுல ஒரு பஸ் வந்துச்சு. டிரைவர் என்னப் பாத்து வேகத்தக் குறைச்சாரு. நான் கை காட்டல. அவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு போயிட்டாரு. திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணி வெச்சேன்.

நீலக் குடும்பம் உன் தப்பு இல்ல. பாவம் பாக்கத் தெரிஞ்ச யாரும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. அவங்கள குப்பைல கொட்டிடாத. ஒரு துணில கட்டி வை. மண்ணு எளகினதும் ஆப்பிள் மரத்துக்கடில புதை. மத்த ரெண்டையும் தட்டிப் பாரு. தட்டினதும் 'உஸ்'னு ஏறி உடனே அடங்கினா நல்லா இருக்காங்க. அடங்காம ரொம்ப நேரம் முனகினா ராணி இல்லன்னு அர்த்தம்.

அம்மாவ இனிமே கீழ எழுத வேணாம்னு சொல்லு. கை வலிக்கும். நான் சாக்ஸ் போட்டுக்கறேன், ரெண்டு ஜோடி. அது போதும் அவங்களுக்கு.

கோஸ்தாஸ் மாமா கொண்டு வர்ற சூப்ப மிச்சம் வைக்காம சாப்பிடு.

வில்யுஸ்


மார்ச் 12

அண்ணா,

இங்க எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்க? ஆறு மாசம் முடிஞ்சுது! ஜெயிச்சுட்ட! நான் மூணுல ரெண்டு. உன்ன விட கம்மி மார்க்கு.

நேத்து வெயில் வந்துச்சு. பனி இன்னும் இருக்கு, ஆனா கூரைல இருந்து சொட்டுது. மத்தியானம் மஞ்சப் பெட்டில இருந்து ஒருத்தங்க வெளிய வந்தாங்க. அப்புறம் நாலு பேர். அப்புறம் குபுகுபுன்னு எல்லாரும். குளிர்காலம் பூரா அடக்கி வெச்சிருந்தத பறந்து பறந்து போட்டாங்க. பனி மேல பூரா மஞ்சப் புள்ளி. காயப்போட்டிருந்த என் பெட்ஷீட்லயும். தாடிக்காரர் இதுக்கு 'சுத்தப்படுத்தற பறப்பு'ன்னு கௌரவமா ஒரு பேர் சொல்வாரு. பெட்ஷீட்ட மறுபடி ஊறவெச்சிருக்கேன்.

பங்காளிப் பெட்டியும் பறந்துச்சு. கோஸ்தாஸ் மாமா வேலிகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலில உக்காந்து பாத்தாங்க. சந்தோஷமா இருந்துச்சு அவங்களுக்கு. நீ சொன்னதச் சொல்லிட்டேன், அதான் கீழ எழுதல.

நீலக் குடும்பத்த புதைச்சாச்சு. மண்ணு மேல மட்டும்தான் எளகியிருந்துச்சு, கடப்பாரை போட்டேன்.

உனக்கு போன் குடுத்தா உடனே கூப்பிடாத. இங்க சிக்னல் சுத்தமா இல்ல. டவர்ல ஏதோ வேலை நடக்குது. கடுதாசியே எழுது, எனக்குப் பழகிடுச்சு.

மிக்லே


மார்ச் 30

மிக்லே,

போன் குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும். மத்தவங்க மாடிப்படில வரிசையா உக்காந்து வீட்டுக்குப் பேசறாங்க. நான் கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கூப்பிடல. டவர்ல வேலை நடக்குதுன்னு நீ எழுதினதால இல்ல. கூப்பிட்டா 'அம்மாகிட்ட குடு'ன்னு நான் சொல்லியாகணும். அப்ப நீ என்ன பண்ணுவ?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தேனீங்ககிட்ட சொன்னியா?

வீட்டுல ஒருத்தர் தவறினா பெட்டியத் தட்டி அவங்களுக்குச் சொல்லணும், மிக்லே. இனிமே யார் பாத்துக்கப் போறாங்கன்னும் சொல்லணும். சொல்லலன்னா அவங்களும் பின்னாலயே போயிடுவாங்கன்னு சொல்வாங்க. இது வீடியோல வராது.

ஜனவரி கடுதாசிலயே எனக்குத் தெரியும். கையெழுத்து அச்சு அசல் அம்மாதான், அந்த நடுக்கம்கூட. ஆனா அம்மா தேனீய 'செத்துப்போச்சு'ன்னு எழுதுவாங்களா? அந்த வார்த்தைக்கு கரண்டிய வளைச்சவங்க. நீ உன் பங்குல 'தவறிட்டாங்க'ன்னு பாத்துப் பாத்து எழுதியிருக்க, அம்மா பங்குல கை தன் வழக்கத்துக்குப் போயிடுச்சு. அத நான் கொட்டாய்ல நின்னு படிச்சேன். மாடு சட்டைய நக்கிக்கிட்டே இருந்துச்சு. தாங்குவோலே ரூம் வாசல்ல போய் நின்னேன். கேட்டா சொல்லிடுவாங்கன்னு தெரியும். கேக்காம திரும்பிட்டேன். அதுக்கப்புறம்தான் கேட் வரைக்கும் போனேன், அத மட்டும் உனக்கு எழுதினேன்.

கோவம் வரும்னு காத்திருந்தேன். வரல. அழுகையும் வரல. ஒண்ணு மட்டும் தோணுச்சு. உன் கடுதாசிக்குள்ள அம்மா இன்னும் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் உக்காரட்டும்னு விட்டுட்டேன். எனக்காகவா உனக்காகவான்னு தெரியல.

ஆனா நீ எழுதறதெல்லாம் பிளாஸ்டிக் சுத்தின பெட்டி மாதிரி ஆயிடுச்சு. எடுத்துடு. போய் அவங்ககிட்ட சொல்லு.

வில்யுஸ்


ஏப்ரல் 9

வில்யுஸ் அண்ணா,

இங்க நானும் ரெண்டு குடும்பமும் சௌக்கியம். நீ எப்படி இருக்க?

உன் கடுதாசிய படிச்சுட்டு நாலு நாள் ஒண்ணும் பண்ணல. பிரிட்ஜ் மேல வெச்சுட்டு, பால் எடுக்கறப்பல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். நேத்து காலைல போனேன். தனியாத்தான் போகலாம்னு இருந்தேன். ஆனா கோஸ்தாஸ் மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல, பங்காளிப் பெட்டில அவருக்கும் பாதி இருக்கே. அவர், "பங்காளி இல்லாம எப்படிச் சொல்லுவ?"ன்னு பஸ்ஸ அப்படியே நம்ம கேட்டுக்கு முன்னால நிறுத்திட்டு எறங்கி வந்துட்டாரு. வரேனா டவுனுக்குப் போற காலை பஸ். உள்ள ஆளுங்க. சந்தைக்குப் போறவங்க, ஸ்கூல் பசங்க, நம்ம போஸ்ட் ஆபீஸ் பிரூதே அக்கா. ஒருத்தரும் லேட்டாகுதுன்னு சொல்லல. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தாங்க. தேனீங்ககிட்ட சொல்லத்தான் போறேன்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

மாமா தொப்பிய கழட்டினாரு. நான் மஞ்சப் பெட்டிய தட்டினேன். 'உஸ்'னு ஏறி அடங்குச்சு. வாயத் தொறந்தேன், "அம்மா செத்து..."ன்னு வந்துச்சு. நிறுத்திட்டேன். இத்தனை நாள்ல அத நான் யார்கிட்டயும் வாய்விட்டுச் சொன்னதே இல்ல. தாங்குவோலேகிட்டகூட "அம்மா தூக்கத்துலயே..."ன்னு ஆரம்பிச்சேன், மிச்சத்த அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க. மாமாதான் அன்னிக்கு அம்மாவோட கைய தொட்டுப் பாத்தவரு, அவருக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கல.

மறுபடி தட்டினேன். "அம்மா தவறிட்டாங்க. ஜனவரில. இனிமே நான்தான் பாத்துப்பேன். இலையுதிர் காலத்துல வில்யுஸ் வந்துடுவான்."

பங்காளிப் பெட்டியையும் தட்டி அதையே சொன்னேன். அப்புறம் கை தானா போய் நீலப் பெட்டியையும் தட்டிடுச்சு. தட்டினதுக்கப்புறம்தான் அது காலின்னு ஞாபகம் வந்துச்சு. பதில் இல்ல. சரி, தட்டியாச்சேன்னு அங்கயும் சொன்னேன். அங்கதான் ரொம்ப நேரம் நின்னேன்.

அழுதேன்னு எழுதணும் போல இருக்கு. அழல. விரல் முட்டி மட்டும் வலிச்சுது. பாத்தா தோல் கிழிஞ்சிருந்துச்சு, வேகமா தட்டிட்டேன் போல. அந்த வலி இன்னிக்கும் இருக்கு. அது நல்லா இருக்குடா.

மாமா தொப்பிய மாட்டிக்கிட்டு மஞ்சப் பெட்டிகிட்ட காத வெச்சுக் கேட்டாரு. "ம். சிக்னல் போயிருக்கு. வைஃபை வேலை செய்யுது"ன்னாரு. ஜனவரிக்கப்புறம் அவர் அடிச்ச முதல் நக்கல். அப்புறம் பஸ்ல ஏறி, ஹாரன் அடிக்காம மெதுவா ஓட்டிட்டுப் போனாரு.

வில்லோ மரம் பூத்திருக்கு. மஞ்சக் குடும்பம் கால்ல மகரந்தத்தோட வர்றாங்க.

டவர்ல எந்த வேலையும் நடக்கல, சிக்னல் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கூப்பிடு. யார்கிட்டயும் குடுக்கச் சொல்ல வேண்டாம். நான் எடுப்பேன்.

உன் தங்கச்சி,
மிக்லே

வில்யுக், சாக்ஸ் போட்டுக்கோ. ரெண்டு ஜோடி. — மிக்லே